சைக்கோபை நேரமும் ஈஈஜி பதிவு நேரமும் விலகிக்கொண்டே போகின்றன: 40 நிமிடத்தில் சுமார் 110 மில்லி விநாடி (மி.வி.)

புது எலக்ட்ரோடு:

வணக்கம். ஆட்பால் சோதனை (அடிக்கடி வரும் படங்களுக்கு நடுவே அரிதாக வேறொன்று வருவது) ஒன்றை அமைத்து வருகிறோம். படங்களைக் காட்டுவது சைக்கோபை என்ற பைத்தான் மென்பொருள், விண்டோஸ் 11 லேப்டாப்பில். ஈஈஜி (மூளையின் மின்னலைகளைப் பதியும்) போர்டு பேட்டரியில் ஓடுவது. 8 சேனல், 250 ஹெர்ட்ஸ். தரவு ரேடியோவில் வந்து, யூஎஸ்பி டாங்கிள் வழியாக அதே லேப்டாப்பில் பதிவாகிறது. இரண்டுக்கும் நடுவே ட்ரிக்கர் ஒயர் கிடையாது.

படம் திரையில் வந்ததும் பைத்தானின் டைம்.டைம் தரும் நேரத்தை சிஎஸ்வியில் எழுதுகிறோம். ஈஈஜி பக்கம், கோப்பு தொடங்கிய நேரத்தை எடுத்து, சாம்பிள் எண்ணை 250-ஆல் வகுத்து அதோடு கூட்டுகிறோம். இரண்டையும் ஒப்பிட்டு எபோக் (ஒவ்வொரு படத்தையும் சுற்றிய சிறு ஈஈஜி துண்டு) வெட்டுகிறோம்.

முதல் பத்து நிமிடச் சராசரியில் பி300 (அரிய படத்துக்கு மூளை காட்டும் அலை) உச்சி 380 மில்லி விநாடி அருகே வருகிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் இன்னும் தள்ளி, தட்டையாக, அகலமாக வருகிறது. சந்தேகம் வந்து, பதிவின் தொடக்கத்திலும் 40ஆம் நிமிடத்திலும் ஸ்பேஸ்பாரை அழுத்தும் அதே கணத்தில் ஒரு மின்முனையைத் தட்டிப் பார்த்தோம். இரண்டாவது தட்டல், முதலாவதை விட ஏறக்குறைய 110 மி.வி. கூடுதலாகப் பின்தங்கி ஈஈஜியில் விழுந்திருக்கிறது.

என்டிபி (நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைத் திருத்தும் முறை) போட்டு விண்டோஸ் கடிகாரத்தைச் சரிசெய்தால் தீருமா? எல்எஸ்எல் (லேப் ஸ்ட்ரீமிங் லேயர், பல கருவிகளின் தரவை ஒரே நேரக்கோட்டில் சேர்க்கும் மென்பொருள்) போட்டால் போதுமா? ஏற்கெனவே எடுத்த பதிவுகளை மீட்க வழி உண்டா? பின்னால் ஒரு வெப்கேமராவும் சேர்க்க வேண்டியிருக்கும்.

---

சாம்பிள்கணக்கு:

மூன்று வேறு வேறு கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. பிரித்துப் பார்த்தால்தான் எதற்கு எது மருந்து என்று தெரியும்.

முதலாவது, மாறாத தாமதம். திரையில் படம் வந்த கணத்துக்கும் உங்கள் கோப்புகள் சொல்லும் கணத்துக்கும் இடையே எப்போதும் இருக்கும் ஒரே அளவு வித்தியாசம். 380-இல் ஒரு பகுதி இதுவாக இருக்கலாம். ஈஈஜி கோப்பு ‘தொடங்கிய நேரம்’ என்று எழுதப்படுவது பெரும்பாலும் மென்பொருளில் பட்டனை அழுத்திய நேரம்தான், முதல் சாம்பிள் எடுக்கப்பட்ட நேரமல்ல. பல மென்பொருள்கள் அதை முழு விநாடியாகவே எழுதிவிடும். அப்படியென்றால் அங்கேயே ஒரு விநாடி வரை பிழை.

இரண்டாவது, கடிகார நழுவல். 40 நிமிடம் என்றால் 2400 விநாடி. 110 மி.வி.யை அதால் வகுத்தால் விநாடிக்கு 46 மைக்ரோ விநாடி, அதாவது 46 பிபிஎம் (பத்து லட்சத்தில் 46 பங்கு). சாதாரண குவார்ட்ஸ் படிகத்துக்கு 20 முதல் 50 பிபிஎம் வரை பிழை இருப்பது இயல்பு. லேப்டாப்பிலும் போர்டிலும் தனித்தனிப் படிகம்; ஒன்று கூடுதலாகவும் மற்றது குறைவாகவும் ஓடினால் இரண்டும் சேரும். உங்கள் போர்டு நொடிக்கு 250 அல்ல, லேப்டாப் கணக்கில் 250.0115 சாம்பிள் எடுக்கிறது, அவ்வளவுதான். போர்டில் பழுது எதுவும் இல்லை. 250-ஆல் வகுப்பதுதான் தவறு.

ரேடியோவில் தரவுப் பாக்கெட் தொலைவதால் இருக்குமோ என்று கேட்பீர்கள். தொலைந்தால் சாம்பிள் எண்ணிக்கை குறையும். தட்டல் ஈஈஜியில் முன்னால் வரும், பின்னால் அல்ல. உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. இருந்தாலும் சாம்பிள் எண் நெடுவரிசையைப் பாருங்கள். இந்த வகைப் போர்டுகளில் அது 0 முதல் 255 வரை ஓடித் திரும்பவும் 0-க்கு வரும். நடுவில் எண் தாண்டியிருந்தால் அத்தனை சாம்பிள் போய்விட்டன. நழுவல் சாய்கோடாக இருக்கும், பாக்கெட் இழப்பு படிக்கட்டாக இருக்கும். இரண்டும் ஒரே பதிவில் வரலாம்.

மூன்றாவது, ஜிட்டர். ஒவ்வொரு படத்துக்கும் தாமதம் கொஞ்சம் கொஞ்சம் மாறுவது. சராசரி தட்டையாவதற்கு நழுவலோடு இதுவும் காரணம்.

என்டிபி இங்கே உதவாது, கெடுக்கும். டைம்.டைம் என்பது சுவர்க்கடிகாரம். விண்டோஸ் அதைத் திருத்தும்போது நேரம் முன்னோ பின்னோ குதிக்கலாம், அல்லது சில நிமிடங்களுக்கு வேகம் மாறி ஓடலாம். ஈஈஜி போர்டுக்கு அந்தத் திருத்தம் தெரியாது. சோதனைக்குள் எப்போதும் முன்னோக்கி மட்டும் ஓடும் கடிகாரத்தையே பயன்படுத்துங்கள்: பைத்தானில் பெர்ஃப்-கவுண்டர், சைக்கோபையில் கோர்.கிளாக். பழைய பைத்தான் பதிப்புகளில் விண்டோஸில் டைம்.டைம் சுமார் 15.6 மி.வி.க்கு ஒருமுறைதான் நகரும் என்பதும் சேர்த்தி.

இன்னொன்று. அந்த சிஎஸ்வியை எக்செலில் திறந்து ‘சேவ்’ கொடுக்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றே நிறுத்துங்கள். 10 இலக்க விநாடியும் 6 தசம இடமும் கொண்ட எண்ணை எக்செல் திரையில் சுருக்கிக் காட்டும். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது அந்தச் சுருக்கிய எண்ணையே எழுதும். தசமங்கள் திரும்பி வராது.

---

மூன்றாம் திரை:

எல்எஸ்எல் கேள்விக்கு. அது எதைச் செய்கிறது, எதைச் செய்யாது என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் இருக்காது.

செய்வது: வேறு வேறு கணினிகளில் ஓடும் மென்பொருள்களின் கடிகார வித்தியாசத்தை என்டிபி பாணியில் சில விநாடிக்கு ஒருமுறை அளந்து, அதன் பதிவு மென்பொருளான லேப்ரெக்கார்டர் எழுதும் எக்ஸ்டிஎஃப் கோப்பில் போட்டு வைக்கும். பைஎக்ஸ்டிஎஃப் என்ற பைத்தான் நூலகம் அந்தக் கோப்பைத் திறக்கும்போது அதை வைத்து எல்லா ஸ்ட்ரீமையும் (தொடர்ந்து வரும் தரவு ஓடை) ஒரே நேரக்கோட்டுக்குக் கொண்டுவரும். சீரான வேகத்தில் வரும் ஸ்ட்ரீமின் டைம்ஸ்டாம்ப்களுக்கு ஒரு நேர்கோடு பொருத்தி ஜிட்டரை நீக்கும். உங்கள் 250.0115 பிரச்சினை இந்த இடத்தில் தானாகவே தீர்ந்துவிடும், ஏனென்றால் 250 என்ற எண்ணை அது நம்புவதில்லை. வந்த சாம்பிள்களை எண்ணி உண்மையான வேகத்தைக் கணக்கிடுகிறது.

செய்யாதது: சாம்பிள் போர்டில் பிறந்த கணம் எல்எஸ்எல்லுக்குத் தெரியாது. லேப்டாப் மென்பொருளின் கைக்கு வந்த கணம்தான் தெரியும். போர்டு, ரேடியோ, டாங்கிள், யூஎஸ்பி, மென்பொருளின் பஃபர் என்று வழியில் ஆன தாமதம் அப்படியே நிற்கும். எஃப்டிடிஐ சிப் உள்ள டாங்கிளாக இருந்தால் டிவைஸ் மேனேஜரில் அந்த காம் போர்ட்டைத் திறந்து, போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, லேட்டன்ஸி டைமர் போய்ப் பாருங்கள். இயல்பாக 16 மி.வி. இருக்கும், 1 ஆக்குங்கள். 16-இல் சாம்பிள்கள் நான்கு நான்காகக் கொத்தாக வரும். வேறு யூஎஸ்பி போர்ட்டில் செருகினால் விண்டோஸ் புது காம் எண் கொடுத்து மறுபடி 16-க்குப் போய்விடலாம், கவனம்.

மார்க்கர் (படம் வந்த கணத்தைக் காட்டும் குறி) அனுப்பும் முறை:

ஸ்ட்ரீம்இன்ஃபோவில் வகை ‘மார்க்கர்ஸ்’, சேனல் 1, வேகம் 0, அதாவது ஒழுங்கற்றது. சோர்ஸ்-ஐடிக்கு ஏதாவது ஒரு நிலையான பெயர் கொடுங்கள். இணைப்பு அறுந்தால் மீண்டும் ஒட்டிக்கொள்ள அது வேண்டும். மார்க்கரை வெளியிடும் அவுட்லெட்டை ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே உருவாக்கி, லேப்ரெக்கார்டரில் இரண்டு ஸ்ட்ரீமும் டிக் ஆகியிருப்பதைப் பார்த்த பிறகே சோதனையைத் தொடங்குங்கள். பதிவு தொடங்கிய பின் முளைக்கும் ஸ்ட்ரீம் கோப்பில் வராமல் போகலாம்.

மார்க்கரை அனுப்பும் புஷ்-சாம்பிளை ஃபிளிப்புக்கு (திரையைப் புதுப்பிக்கும் கட்டளை) முந்தைய வரியில் எழுதாதீர்கள். அங்கே எழுதினால் மார்க்கர் ஒரு ஃபிரேம் (திரையின் ஒரு புதுப்பிப்பு) வரை முந்தும், அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு அளவில். வின்.கால்ஆன்ஃபிளிப்புக்குள் கொடுத்தால் திரை புதுப்பிக்கப்பட்ட உடனே ஓடும்.

விண்டோவை முழுத்திரையாகத் திறவுங்கள். லேப்டாப் திரையையும் வெளி மானிட்டரையும் ‘டூப்ளிகேட்’டில் வைக்க வேண்டாம், இரண்டு திரையின் புதுப்பிப்பும் மோதி ஃபிளிப் எந்தத் திரைக்குக் காத்திருக்கிறது என்றே தெரியாது. டிவியை மானிட்டராக வைத்திருந்தால் கேம் மோடுக்கு மாற்றுங்கள், பட மெருகூட்டலுக்காக அது பல ஃபிரேம்களைப் பிடித்து வைத்திருக்கும்.

இவ்வளவும் செய்தால் மிஞ்சுவது மாறாத தாமதம் மட்டும். அதை ஒருமுறை அளந்து கழித்துவிட்டால் பி300-க்குப் போதும் என்பது என் கருத்து.

---

பழைய ஆசிலோஸ்கோப்:

கடைசி வாக்கியத்தில் மட்டும் உடன்பாடில்லை. அந்த ‘மாறாத’ தாமதம் மானிட்டர் மாறினால் மாறும், பிரைட்னஸ் மாறினால் கொஞ்சம் மாறும், டாங்கிள் யூஎஸ்பி ஹப்பில் போனால் மாறும், கிராபிக்ஸ் டிரைவர் அப்டேட் ஆனால் ஒரு ஃபிரேம் கூடலாம். ஒருமுறை அளந்து வைத்த எண்ணை ஆறு மாதம் கழித்து யாரும் சரிபார்ப்பதில்லை. படம் வரும்போது திரை மூலையில் ஒரு வெள்ளைச் சதுரத்தையும் காட்டி, அதன்மேல் ஒளி சென்சார் ஒட்டி, ஒவ்வொரு பதிவுக்குள்ளும் திரை வெளிச்சமே ஒரு சேனலாக வந்துவிட்டால் இந்தப் பேச்சே எழாது. செலவும் பெரிதில்லை.

வேண்டியவை: கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு வேலை செய்யும் போட்டோட்ரான்ஸிஸ்டர் ஒன்று, 10 கிலோஓம் ரெஸிஸ்டர் ஒன்று, மூன்று இழை ஒயர், கறுப்பு இன்சுலேஷன் டேப். கடையில் கறுப்பு உறை போட்டதைக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது அகச்சிவப்புக்கு மட்டும். எல்டிஆரும் (வெளிச்சத்துக்கேற்ப மின்தடை மாறும் உறுப்பு) வேண்டாம். வெளிச்சத்துக்கு எதிர்வினை காட்டவே அதற்குப் பல பத்து மி.வி. ஆகும், வெளிச்சம் போனபின் இறங்க இன்னும் கூடுதல் நேரம்.

இணைப்பு: போட்டோட்ரான்ஸிஸ்டரின் கலெக்டர் ஈஈஜி போர்டின் டிஜிட்டல் மின்வழங்கி முனைக்கு. எமிட்டர் போர்டின் உள்ளீட்டு பின்னுக்கு. அதே எமிட்டரிலிருந்து 10 கிலோஓம் கிரவுண்டுக்கு. வெள்ளைச் சதுரம் வந்தால் பின் உயரும், கறுப்பானால் இறங்கும். மானிட்டர் மங்கலாக இருந்து போதிய வோல்ட் வராவிட்டால் ரெஸிஸ்டரை 47 அல்லது 100 கிலோஓம் ஆக்கலாம். ரெஸிஸ்டர் ஏற ஏற எழுச்சி மெதுவாகும், ஆனால் உங்கள் சாம்பிள் இடைவெளி 4 மி.வி.; அதன் முன் இது ஒன்றுமில்லை. ஓபன்பிசிஐயின் சைட்டன் போர்டு என்றால் துணை பின்களை டிஜிட்டல் முறைக்கு மாற்ற ‘/3’, அனலாக் முறைக்கு ‘/2’ என்று கட்டளை அனுப்ப வேண்டும். முதலில் அனலாகில் வைத்து அலையின் வடிவத்தைப் பாருங்கள். எழுச்சி சுத்தமாக இருந்தால் பிறகு டிஜிட்டலுக்குப் போகலாம். நான் அனலாகிலேயே விட்டுவிடுவேன். திரைக்கு என்ன ஆனது என்று பிற்பாடும் பார்க்கலாம்.

இதில் முக்கியமான லாபம் பாதுகாப்பு. போர்டு பேட்டரியில் ஓடுகிறது, அதன் மின்முனைகள் ஒரு மனிதரின் தலையில் ஒட்டியிருக்கின்றன. சார்ஜரில் செருகிய லேப்டாப்பிலிருந்து ஆர்டுயினோ (சிறு நுண்கட்டுப்பாட்டு போர்டு) வழியாக நேரடியாக ஒயர் இழுத்தால் அந்தத் தனிமை போய்விடும். 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் கூடவே வரும். மேலே சொன்ன சுற்று முழுக்க போர்டின் மின்சாரத்திலேயே ஓடுகிறது. மானிட்டரிலிருந்து வருவது வெளிச்சம் மட்டும். ஒலித் தூண்டலுக்காக ஆர்டுயினோ ட்ரிக்கர் வேண்டும் என்றால் நடுவே கட்டாயம் ஆப்டோகப்ளர் (ஒளி வழியாக மட்டும் சிக்னலைக் கடத்தும் உறுப்பு) வையுங்கள். பிசி817 போதும்: 5 வோல்ட் பின்னிலிருந்து 330 ஓம் வழியாக அதன் எல்இடிக்கு, சுமார் 11 மில்லிஆம்பியர் ஓடும். மறுபக்கம் போர்டின் சொந்த மின்வழங்கியும் கிரவுண்டும் மட்டுமே. கலெக்டரை 10 கிலோஓம் மூலம் மேலே இழுத்து, அங்கிருந்து பின்னுக்கு. சிக்னல் தலைகீழாக வரும். ஆர்டுயினோவின் 5 வோல்ட்டை நேராக 3.3 வோல்ட் பின்னில் கொடுத்தால் அந்த பின் எரிந்துபோகலாம் என்பதற்கும் இதுவே தீர்வு. ஆர்டுயினோ ஊனோவில் சீரியல் போர்ட்டைத் திறந்ததும் ஊனோ ரீசெட் ஆகும். 2 விநாடி காத்திருந்துவிட்டு முதல் பைட்டை அனுப்புங்கள், இல்லாவிட்டால் முதல் சில ட்ரிக்கர் காணாமல் போகும். ஆர்டுயினோவின் மில்லிஸ் எண்ணை மட்டும் கடிகாரமாக எடுக்காதீர்கள். ஊனோவின் முதன்மைச் சிப் ஓடுவது செராமிக் ரெஸொனேட்டரில்; குவார்ட்ஸை விடப் பல மடங்கு மோசம்.

திரைச் சதுரம்: 2 செ.மீ. அளவு போதும், திரையின் மூலையில். எப்போதும் கறுப்பு, படம் வரும் முதல் ஃபிரேமில் வெள்ளை, 6 ஃபிரேம் கழித்து மறுபடி கறுப்பு. 60 ஹெர்ட்ஸில் அது 100 மி.வி., அதாவது 25 சாம்பிள். ஒரு ஃபிரேம் மட்டும் காட்டினால் 4 சாம்பிள்தான் கிடைக்கும், ஒரு பாக்கெட் தொலைந்தால் பல்ஸே போகும். சென்சாரைச் சுற்றி டேப்பால் மூடுங்கள். அறை டியூப்லைட்டும் உள்ளே போகக் கூடாது, சதுரம் மின்னுவது பங்கேற்பாளருக்கும் தெரியக் கூடாது.

மானிட்டர் மேலிருந்து கீழாக வரைகிறது. சென்சார் மேல் மூலையிலும் படம் திரையின் நடுவிலும் இருந்தால் படம் சுமார் 8 மி.வி. தாமதமாக வரும். கீழ் மூலையில் வைத்தால் படம் 8 மி.வி. முந்தும். இது உண்மையிலேயே மாறாத அளவு, எண்ணாகக் கழித்துக்கொள்ளலாம். பிரைட்னஸைக் குறைத்தால் சில மானிட்டர்களின் பின்னொளி வேகமாக அணைந்து எரியும்; பல்ஸ் ஒன்று பல துண்டாக வெட்டுப்பட்டு டிஜிட்டல் பின்னில் விழும். 100 சதவீதத்தில் வையுங்கள்.

---

சாம்பிள்கணக்கு:

மேலே சொன்னதோடு சேர்த்துப் பகுப்பாய்வுப் பக்கம்.

சென்சார் சேனல் வந்துவிட்டால் எபோக் வெட்ட லேப்டாப் நேரமே தேவையில்லை. எழுச்சி எந்தச் சாம்பிளில் இருக்கிறதோ அதுதான் பூஜ்யம். எழுச்சிக்கு எந்தப் படம் என்பது மட்டும் சைக்கோபை லாகிலிருந்து வரிசைப்படி வரும். இரண்டின் எண்ணிக்கையும் பொருந்தினால் வேலை முடிந்தது. ஒன்று குறைந்தால்தான் தலைவலி, எது தொலைந்தது என்று தெரியாது. அதனால் படங்களுக்கு இடையேயான இடைவெளியை ஒரே அளவாக வைக்காமல், 1.0 முதல் 1.4 விநாடிக்குள் சமவாய்ப்பாக மாற்றுங்கள். இரு பக்கத்து இடைவெளி வரிசைகளையும் பக்கத்தில் வைத்தால் தொலைந்த இடம் பளிச்சென்று தெரியும்: அங்கே ஒரு பக்கத்து இரண்டு இடைவெளிகளின் கூட்டல் மறுபக்கத்து ஒன்றுக்குச் சமமாக இருக்கும். சரியாக 1 விநாடி இடைவெளி வைத்திருந்தால் ஒரு படம் நகர்த்தி ஒட்டினாலும் பொருந்துவது போலவே தெரியும், நீங்கள் கண்டுபிடிக்கவே மாட்டீர்கள்.

பட்டன் அழுத்தல் போல பல்ஸ் இல்லாத நிகழ்வுகளுக்கு மட்டும் கோடு பொருத்துங்கள்:

சாம்பிள் எண் = அ × லேப்டாப் நேரம் + ஆ

நம்பையின் (பைத்தானின் எண் கணக்கு நூலகம்) பாலிஃபிட் போதும். இரு பக்கத்திலும் முதல் மதிப்பைக் கழித்துவிட்டுக் கொடுங்கள். பெரிய எண்களை அப்படியே கொடுத்தால் தீர்வின் துல்லியம் கெடும். ‘அ’ 250.01 போல வர வேண்டும். பிறகு மிச்சப் பிழையை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். பெரும்பாலானோர் தவிர்ப்பது இந்த வரைபடத்தைத்தான், ஆனால் கோளாறெல்லாம் இங்கேதான் முகம் காட்டும். 250 ஹெர்ட்ஸில் சாம்பிள் முழுமையாக்கலால் மட்டும் 1.2 மி.வி. திட்ட விலக்கம் வரும். அதற்குச் சற்று மேல் இருந்தால் நல்லது. ஒற்றைப் புள்ளிகள் 16.7 மி.வி. மேலே நின்றால் ஃபிரேம் தவறியிருக்கிறது. 4-இன் மடங்காகக் கீழே படி இறங்கினால் பாக்கெட் இழப்பு. முதல் பத்து நிமிடம் மட்டும் வளைந்திருந்தால் போர்டு சூடாகி நிலைக்கு வருகிறது. பதிவுக்கு முன் சற்று நேரம் ஓடவிடுங்கள்.

பழைய பதிவுகள்: நழுவலைப் பெருமளவு மீட்கலாம். அதே லேப்டாப், அதே போர்டு, அதே அறை வெப்பத்தில் புது சென்சாரோடு ஒரு மணி நேரம் வெறுமனே பதிவு செய்து ‘அ’ மதிப்பை எடுங்கள். படிகத்தின் வேகம் நாளுக்கு நாள் சில பிபிஎம் தான் மாறும். 5 பிபிஎம் மாறினாலும் 40 நிமிடத்துக்கு 12 மி.வி. பிழை. மின்முனைத் தட்டலை வைத்துக் கணக்கிட்டதை விட இது மேல், ஏனென்றால் இரண்டு விரலை ஒரே கணத்தில் இறக்குவதில் உள்ள பிழையோடு யூஎஸ்பி கீபோர்டின் தாமதமும் சேர்ந்து உங்கள் 110 என்ற எண்ணிலேயே பத்து இருபது மி.வி. ஆட்டம் இருக்கும். அந்தப் பதிவுகள் டைம்.டைம் கொண்டவை என்பதால், விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் லாகில் கெர்னல்-ஜெனரல், ஐடி 1 என்று தேடுங்கள். சோதனை நேரத்துக்குள் கடிகாரம் மாற்றப்பட்டிருந்தால் அங்கே இருக்கும். அந்தப் பதிவை இரண்டாகப் பிரித்தே திருத்த வேண்டும்.

தொடக்கத் தாமதத்தை மட்டும் பழைய பதிவுகளில் துல்லியமாக மீட்க முடியாது. முதல் தட்டலை வைத்து ஏறக்குறைய நிறுத்தலாம். பி300-இன் உயரத்தை ஒப்பிட அது போதும். உச்சி நேரத்தை ஒப்பிடவோ என்1 போன்ற குறுகிய அலைகளைப் பார்க்கவோ அந்தப் பதிவுகள் தாங்காது. பி300 உச்சியையே அடையாளமாக வைத்து ஒவ்வொரு பதிவையும் நகர்த்தி ஒட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அளக்க வேண்டியதையே அளவுகோலாக்கிய கதை அது.

ஃபில்டரையும் பாருங்கள். பதிவு மென்பொருளில் நேரலையாக ஓடும் ஃபில்டர் அலையைப் பின்னுக்குத் தள்ளும். வடிகட்டாத தரவைச் சேமித்து, பிறகு முன்னும் பின்னுமாக ஓடும் ஜீரோ-ஃபேஸ் ஃபில்டர் போடுங்கள். போர்டின் ஏடிசிக்குள் (அலையை எண்ணாக்கும் சிப்) இருக்கும் சிங்க் ஃபில்டரும் ஈஈஜி சேனல்களை ஒன்றரை சாம்பிள், 6 மி.வி. அளவு தாமதிக்கலாம், துணை பின்கள் அந்த வழியாகப் போவதில்லை. எல்லாப் பங்கேற்பாளருக்கும் ஒரே அளவு என்பதால் ஒப்பீட்டைக் கெடுக்காது.

---

புது எலக்ட்ரோடு:

மிக்க நன்றி. லேட்டன்ஸி டைமர் 16-இல்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். சாம்பிள் எண்ணில் தாண்டல் இல்லை. சென்சார் செய்யப் பொருள் வாங்குகிறோம். வெப்கேமராவுக்கும் இதே சதுரத்தைப் பயன்படுத்தலாமா? கேமரா பங்கேற்பாளரின் முகத்தைப் பார்க்கிறது, திரையை அல்ல.

---

மூன்றாம் திரை:

கேமராவின் பார்வைக்குள், பங்கேற்பாளருக்குத் தெரியாதபடி தலைக்குப் பின்னால் ஒரு எல்இடி வையுங்கள். அதை ஆர்டுயினோ எரிக்கட்டும். கால்ஆன்ஃபிளிப்பில் ஒரு பைட் அனுப்பினால் போதும். 115200 பாடில் (விநாடிக்கு 115200 பிட்) ஒரு பைட்டுக்கு 87 மைக்ரோ விநாடிதான். யூஎஸ்பிக்கு ஓரிரு மி.வி. சேர்த்தாலும் கேமராவின் 33 மி.வி. ஃபிரேம் இடைவெளிக்கு முன் அது பொருட்டில்லை. ஒவ்வொரு படத்துக்கும் வேண்டாம், பத்து விநாடிக்கு ஒருமுறை போதும், 200 மி.வி. எரியட்டும்.

கேமராவில் ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்துவிடுங்கள். அறை மங்கலானால் அது எக்ஸ்போஷரை நீட்டிப்பதற்காக 30 ஃபிரேமை 15 ஆக்கிவிடும், நீங்கள் கேட்காமலே. அப்படி வந்த கோப்பில் ஃபிரேம் எண்ணை 30-ஆல் வகுப்பது உங்கள் பழைய 250 கதையேதான்.

---

பழைய ஆசிலோஸ்கோப்:

வீடியோவை எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவியில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றுவதற்கு முன்னால் எல்இடி எரிந்த ஃபிரேம்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது ஃபிரேம்கள் நகலாகும் அல்லது விழும், மூலக் கோப்பின் நேரங்கள் புதுக் கோப்பில் இருக்காது. மூலக் கோப்பை அழிக்க வேண்டாம்.

எல்இடிக்கு 330 ஓம் ரெஸிஸ்டர் போடுங்கள். அதற்கும் ஈஈஜி போர்டுக்கும் எந்த ஒயரும் இருக்கக் கூடாது, கிரவுண்ட் உட்பட.